சுவருக்குள் ஒரு குழாய்

அத்தியாயம் 14

புது வீட்டுக்குக் குடிவந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. தண்ணீர் வந்துவிட்டது. மின்சாரம் வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பூனைகூட இரண்டு தடவை வந்து அறை அறையாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. இன்டர்நெட் மட்டும் வரவில்லை.

சின்னவனும் வரவில்லை.

அந்த வீட்டை அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் வரை கூடவே நின்று கட்டிக் கொடுத்தவன் அவன்தான். கட்டட வேலை எடுத்துச் செய்வது அவன் தொழில். அண்ணன் வீடு என்பதால் வேறு இரண்டு வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்து நின்றான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாடிப்படி வரும் வரை. வரைபடத்தில் இடதுபக்கமாக ஏற வேண்டிய படியை, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், வலதுபக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டான். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்த பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. கணக்கு வாத்தியார். விடை தப்பானால் பொறுக்க மாட்டார். வேலையாட்கள் எதிரிலேயே, "உன் இஷ்டத்துக்குத் திருப்ப இது உன் வீடு இல்ல" என்று சொல்லிவிட்டார்.

சின்னவன் மிச்சமிருந்த வேலையை ஒரு குறை இல்லாமல் முடித்தான். சாவிக்கொத்தை ஜன்னல் மேடையில் வைத்தான். போனவன் போனவன்தான். குடிவந்த அன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

இன்று வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு இன்டர்நெட் கம்பெனி வண்டி வாசலில் வந்து நின்றபோது பெரியவரின் மனைவிக்கு, அந்த வீட்டு மருமகளுக்கு, பாதி உயிர் திரும்பி வந்தது. இது அவர்கள் கொடுத்த மூன்றாவது தேதி. முதல் தடவை, "உங்க வீடு எங்க மேப்புல இல்லையேங்க" என்று போனிலேயே முடித்துவிட்டார்கள். இரண்டாவது தடவை வந்தவர் இதே எண்ணுள்ள வேறு தெரு வீட்டுக்குப் போய், அங்கே பூட்டியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

மீதி உயிர் இன்று மதியம் மூன்று மணியில் இருந்தது.

மருமகளின் வேலை அப்படி. அவளுடைய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காது கேட்காது. அதனால் வாய் பேசக் கற்பதற்கு முன்பே அவள் கை பேசக் கற்றுக்கொண்டது. இப்போது அதுவே தொழில். காது கேளாதவர்கள் டாக்டரைப் பார்க்கப் போகும்போது, ஆஸ்பத்திரித் திரையில் இவள் தெரிவாள். டாக்டர் பேசுவதைச் சைகையில் சொல்வாள். அவர்கள் சைகையை டாக்டருக்கு வாயால் சொல்வாள். வீடு மாறுவதற்காக எடுத்த லீவு நேற்றோடு முடிந்திருந்தது.

இன்றைக்குத் திரையில் வரப்போகிறவர் ஒரு தையல்காரப் பெண். வலது மணிக்கட்டில் ஒரு கட்டி. நாளை காலை ஆபரேஷன். போன தடவை மொழிபெயர்க்க ஆள் கிடைக்காமல் டாக்டர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டு, கையில் ஓடும் நரம்பையே எடுத்துவிடப் போகிறார்கள் என்று புரிந்துகொண்டு எழுந்து போய்விட்டார். சம்மதக் கையெழுத்துப் போடவில்லை. பேச்சே கையில் இருப்பவருக்குக் கை போனால் என்ன ஆகும்? இவளையே கேட்டு நேரம் வாங்கியிருந்தார். இன்று பேசித் தெளியாவிட்டால் நாளை ஆபரேஷன் கிடையாது.

மொபைலை நம்பிப் பிரயோஜனமில்லை. மொட்டைமாடியின் ஒரு மூலையில் ஒரே ஒரு கோடு வரும். போன வாரம் அதில் வீடியோ போட்டுப் பார்த்தாள். பாதிச் சைகையில் கை உறைந்து நின்றது. வாய்ப்பேச்சில் ஒரு சொல் விட்டுப்போனால் ஊகித்துக்கொள்ளலாம். கை பாதியில் நின்றால் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

வண்டியிலிருந்து இறங்கியவர் பெரிய தொப்பி போட்டிருந்தார். தெருவோரமிருந்த இரும்பு மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"இந்தத் தெருவுல போஸ்ட் கிடையாது சார். எல்லாமே மண்ணுக்கு அடியில. இந்தப் பெட்டியில இருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காலிக் குழாய் போகும். அது வழியா லைனை உள்ள இழுத்துடுவோம்."

பெரியவர் இதற்காகவே இன்று லீவு போட்டிருந்தார். "எங்க வீட்டுக்குக் குழாய் இருக்கா?" என்றார்.

"இந்தப் பக்கம் வாய் இருக்கு. அந்தப் பக்கம் எங்க போய் முடியுதுன்னு வீட்டைக் கட்டினவங்கதான் சொல்லணும்."

மாமியார் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு மகனையே பார்த்தாள்.

"கட்டினவர் ஊர்ல இல்லையா?" என்றார் தொப்பிக்காரர்.

"ஊர்லதான் இருக்கான்" என்றாள் மாமியார்.

"நாமளே கண்டுபிடிக்கலாம். வாங்க" என்றார் பெரியவர்.

தொப்பிக்காரர் நீளமான ஒரு கம்பிச்சுருளைக் குழாய்க்குள் விட்டுத் தள்ளினார். வழவழவென்று போய்க்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றது.

"பதினாலு மீட்டர் போயிருக்கு. அதுக்கு மேல எதுலயோ முட்டுது."

பதினான்கு என்ற எண் கிடைத்ததும் பெரியவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. டேப்பை எடுத்தார். பெட்டியிலிருந்து வீட்டுச் சுவர் வரை ஒன்பது. அப்படியானால் வீட்டுக்குள் ஐந்து. ஹாலில் முட்டிபோட்டு அளந்து, பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, உளியை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு போட்டார்.

செங்கல்.

ஒரு முழம் தள்ளி இன்னொரு இடம். அங்கும் செங்கல்தான். பெயின்ட் வாசனைகூடப் போகாத சுவர் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு அவரைப் பார்த்தது.

மாமியார் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "செங்கல்லு நல்ல செங்கல்லா இருக்குடா. பார்த்துப் பார்த்துத்தான் வாங்கியிருக்கான்."

"அம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

தொப்பிக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "குழாய் நேரா வரணும்னு இல்ல சார். வளைஞ்சு எங்க வேணாலும் போயிருக்கும். கிடைக்கலன்னா வாசல் சிமென்டை வெட்டிப் புதுசாப் போடணும். அதுக்கு வேற ஆளுங்க. தேதி கிடைக்க மூணு வாரமாவது ஆகும்."

"மூணு வாரமா?" என்றாள் மருமகள்.

"எனக்குப் பன்னண்டரைக்கு வேற இடத்துக்குப் போகணும் மேடம். அதுக்குள்ள கிடைச்சா முடிச்சுக் கொடுத்துட்டே போறேன்."

மணி பதினொன்றே கால்.

"தம்பிக்கு ஒரு போன் பண்ணலாமே" என்றாள் அவள், கணவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி.

"வேணாம். இன்னும் ஒரே ஒரு இடம் பார்க்கறேன்."

ஒரே ஒரு இடம் என்று அவர் ஆரம்பித்தால் எதில் போய் நிற்கும் என்று பத்து வருஷக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரியும். போனை எடுத்துக்கொண்டாள். சண்டைக்குக் காரணமான அதே படியில் ஏறி மொட்டைமாடி மூலைக்குப் போனாள்.

மூன்று தடவை மணி அடித்தது. எடுக்க மாட்டான் என்றே நினைத்தாள்.

"சொல்லுங்க அண்ணி. அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அத்தை நல்லா இருக்காங்க தம்பி. நாங்க ஒரு குழாயைத் தேடிட்டு இருக்கோம்."

அந்தப் பக்கம் கலவை இயந்திரம் கடகடவென்று ஓடுவது கேட்டது. பிறகு, "ஹால் சுவரை உடைச்சாச்சா?" என்றான்.

"ரெண்டு இடம்."

சிரித்துவிட்டான். ஒன்றரை மாசத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டபோது மருமகளுக்கு மூக்கு நுனி கரித்தது.

"போட்டோ இருக்கு அண்ணி. பூசறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் டேப் வச்சுப் படம் எடுத்து வச்சிருக்கேன். அனுப்பறேன், பாருங்க."

அனுப்பினான். அவள் போனில் ஒரு சின்ன வட்டம் தோன்றிச் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். நான்கு மூலைக்கும் நடந்தாள். வட்டம் நிற்கவில்லை, படம் திறக்கவில்லை. முதல் மூலைக்கே திரும்பி வந்து மறுபடி கூப்பிட்டாள்.

"சுத்திக்கிட்டே இருக்கு தம்பி. நீங்களே ஒரு எட்டு வந்துடுங்களேன்."

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மூணு மணிக்கு ஒருத்தங்க எனக்காகக் காத்துட்டு இருப்பாங்க. யாருன்னு நான் சொல்லக் கூடாது. நாளைக்குக் காலைல அவங்களுக்கு ஆபரேஷன். நான் வரலன்னா அது நடக்காது."

"அண்ணன் கூப்பிடச் சொன்னானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அடுத்த நிமிஷம் வண்டியை எடுத்துவிடுவான். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஒருத்தர் சொன்னதை மாற்றாமல் இன்னொருத்தரிடம் கொண்டு சேர்ப்பதே தொழிலாக இருப்பவளுக்குச் சொல்லாததைச் சொன்னதாக வாய் எழவில்லை.

"இல்ல தம்பி. அவருக்குத் தெரியாது. நான்தான் கூப்பிடறேன்."

"கான்கிரீட் ஓடிட்டு இருக்கு அண்ணி" என்றான். "பார்க்கறேன்." போன் வைக்கப்பட்டுவிட்டது.

அவள் இறங்கி வந்தபோது சுவரில் மூன்றாவது கண்ணும் திறந்திருந்தது.

சமையலறையில் மாமியாரிடம் நடந்ததைச் சொன்னாள். மாமியார் கொதித்துக்கொண்டிருந்த உலையைப் பார்த்தாள். அடுப்பைத் தணித்தாள், தீ நீலப் புள்ளியாகத் தெரியும் வரை. பிறகு வாசலுக்குப் போனாள்.

"ஏன் தம்பி, காலைல சாப்பிட்டீங்களா?"

"டீ குடிச்சேம்மா."

"டீ சாப்பாடாகுமா? இதோ இறக்கிடுவேன். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"இல்லம்மா, நேரமாயிடும்."

"அஞ்சே நிமிஷம்."

அந்த ஐந்து நிமிஷம் பன்னிரண்டரையைத் தாண்டிப் போயிற்று. தொப்பிக்காரர் ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் மாமியார் எதையாவது கொண்டுவந்து வைத்தாள். முதலில் தண்ணீர், அப்புறம் வெறும் தட்டு, அப்புறம் அவருடைய பிள்ளைகளைப் பற்றிய விசாரணை. கடைசியில் அவரே மொட்டைமாடி மூலைக்கு ஏறிப் போய்ப் போன் பண்ணி, அடுத்துப் போக வேண்டிய வீட்டுக்காரரிடம் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்.

ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெளியே பைக் சத்தம் கேட்டது.

சின்னவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். முழங்கால் வரை காய்ந்த சிமென்ட். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் சுத்தியலோடு நின்ற அண்ணனைப் பார்த்தான்.

"உள்ள வரலாமா?"

சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். மாமியார் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். மருமகள் கணவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் கெஞ்சுவது போல் ஆகிவிடும் என்று பயந்தாள்.

பெரியவர் ஒரு கணம் தரையைப் பார்த்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு வா. அம்மா இப்பதான் துடைச்சாங்க."

அவ்வளவுதான். மாமியார் சடாரென்று உள்ளே திரும்பினாள். அடுப்பு முழு வேகத்தில் எரியும் சத்தம் கேட்டது.

சின்னவன் ஹாலுக்குள் வந்தான். மூன்று ஓட்டைகளையும் வரிசையாகப் பார்த்தான். நேராக மாடிப்படிக்கு அடியிலிருந்த சின்ன அறைக்குப் போனான். குடிவந்த நாளிலிருந்து அதில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாக இறக்கினார்கள். போனில் படத்தைத் திறந்து, தரையிலிருந்து ஒரு சாண் அளந்து, விரல் கணுவால் தட்டினான். ஒரு இடத்தில் சத்தம் மாறியது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெல்லச் சுரண்ட, வட்டமாக ஒரு வாய் திறந்தது. உள்ளே சிமென்ட் மூட்டைக் காகிதம் உருண்டையாக அடைத்திருந்தது.

"கலவை உள்ள போயிடக் கூடாதுன்னு அடைச்சேன். பெயின்டர் அது மேலயே பூசிட்டுப் போயிட்டான்."

காகிதத்தை இழுத்துப் போட்டான். வெளியே தொப்பிக்காரர் கம்பியைத் தள்ள, அதன் முனை சின்னவன் கைக்குள் வந்து முட்டியது.

"இங்க எதுக்குடா கொண்டுவந்து விட்டே? ஹால்ல விடறதுதானே?" என்றார் பெரியவர்.

சின்னவன் அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை. கம்பியில் லைனைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"அண்ணிதான் சொன்னாங்க, பழைய வீட்டுல சாப்பிட்டுட்டு இருக்கும்போது. முதுகுக்குப் பின்னாடி வெறும் சுவரா இருக்கணும், பின்னால யாரும் நடமாடக் கூடாது, வெளிச்சம் முகத்துக்கு நேரா விழணும், கதவைச் சாத்தினா சத்தம் வரக் கூடாதுன்னு. படி இடதுபக்கமா ஏறினா கீழ இந்த ரூமே கிடைக்காது."

மருமகள் அப்போதுதான் அந்த அறையைச் சரியாகப் பார்த்தாள். எதிர்ச்சுவரில் ஜன்னல். பின்சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. தான் அப்படிச் சொன்னதே அவளுக்கு ஞாபகம் இல்லை. தட்டில் கை வைத்தபடி போகிற போக்கில் சொல்லியிருப்பாள். அவன் அதை ஒரு அறையாகக் கட்டி வைத்திருக்கிறான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் பெரியவர், குரல் இறங்கி.

"சொல்ல விட்டியா?"

பெரியவர் மிச்சமிருந்த பெட்டிகளில் கனமானதைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனார்.

ஒன்றே முக்காலுக்குச் சின்னக் கறுப்புப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. தொப்பிக்காரர், முன்பே வைத்த அந்த வெறும் தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மாமியாரிடம் தன் கடைசிப் பெண்ணின் படத்தையும் காட்டிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு மருமகள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கை தெளிவாகத் தெரிய எப்போதும் கறுப்புதான். திரையில் தையல்காரப் பெண் வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. வலது மணிக்கட்டை இடது கையால் பொத்திக்கொண்டிருந்தார். டாக்டர் பேச ஆரம்பிப்பதற்குள் அந்தக் கைகள் பிரிந்து கேட்டுவிட்டன.

"இவங்க கேக்கறாங்க டாக்டர்: நரம்பை எடுத்தப்புறம் என் கை பேசுமா?" என்றாள் மருமகள்.

டாக்டர் திகைத்துப்போனார். "நரம்பை எடுக்கறதா? யாரு சொன்னது? நரம்பு மேல உக்காந்து அழுத்திட்டு இருக்கற கட்டியை மட்டும்தான் எடுக்கப் போறோம். நரம்பைக் காப்பாத்தத்தான் இந்த ஆபரேஷனே."

மருமகளின் கைகள் அதைச் சொல்லின. நரம்பு இது. கட்டி இது. போவது இது, இருப்பது இது. ஒரு விரல்கூட எங்கும் உறைந்து நிற்கவில்லை. அந்தப் பெண் மறுபடி காட்டச் சொன்னார். காட்டினாள். இரண்டு விரல் கொஞ்ச நாள் விறைப்பாக இருக்கலாம், பயிற்சி செய்தால் சரியாகிவிடும், ஊசி கோக்கவும் முடியும் என்றார் டாக்டர். அதையும் சொன்னாள். அந்தப் பெண் நிறையக் கேட்டார். கட்டு எத்தனை நாள், அதுவரை ஒற்றைக் கையால் பேசினால் வீட்டில் புரிந்துகொள்வார்களா, கட்டி திரும்ப வருமா என்று ஒன்று விடாமல். கடைசியில் பேனாவை வாங்கி, அதே வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

இணைப்பை அணைத்துவிட்டு மருமகள் வெறும் சுவரில் தலை சாய்த்தாள்.

கதவைத் திறந்தால் மாமியார் டீயோடு நின்றுகொண்டிருந்தாள். "என்னம்மா ஆச்சு?"

"நல்லபடியா முடிஞ்சது அத்தை." அதற்கு மேல் சொல்லக் கூடாது, மாமியாரும் கேட்கவில்லை.

ஹாலில் அண்ணனும் தம்பியும் தரையில் உட்கார்ந்து ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் கையில் கரண்டி, சின்னவன் கையில் கலவைச் சட்டி.

"படி நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரியவர், சுவரைப் பார்த்தபடி. கொஞ்ச நேரம் தேய்த்தார். "அன்னிக்கு ஆளுங்க எதிர்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சு பாரு. வழியுது" என்றான் சின்னவன். கரண்டியை வாங்கி ஒரே இழுப்பில் வழித்துச் சரிசெய்தான். இரண்டு பேரும் அடுத்த ஓட்டைக்கு நகர்ந்தார்கள்.

ஐந்தரைக்கு அவன் கிளம்பினான். மருமகள் கேட் வரை கூட வந்தாள். பைக்கில் ஏறாமல் ஹெல்மெட்டைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாமா?"

"யாரு தம்பி?"

"ஒரு வருஷமாப் பழக்கம். கட்டிக்கலாம்னு இருக்கோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதைச் சொல்லவா இவ்வளவு துடை துடைச்சீங்க? உங்க அண்ணன் கேட்டா குதிச்சுக் கொண்டாடுவார்."

"அண்ணனுக்கு அவங்களைத் தெரியும் அண்ணி. அதான் யோசனையா இருக்கு."

"தெரிஞ்சவங்கன்னா இன்னும் நல்லதுதானே? எப்படித் தெரியும்?"

சின்னவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். அதற்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது.

"அவங்க மொதல் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதே அண்ணன்தான்."

பைக் தெருமுனை திரும்பி மறையும் வரை அவள் அங்கேயே நின்றாள். பின்னால் ஹாலிலிருந்து கணவரின் குரல், பல நாளாகக் கேட்காத தெம்போடு வந்தது.

"அவனை ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொன்னியா?"

"வர்றாராம்" என்றாள் மருமகள். எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.